வயதான நாய்க்கு எது தோது: காசல்ரி கரையா, தேயிலை மலையா?

மூட்டு தேய்ந்த நாய்க்கு நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமுள்ள காசல்ரி நீர்த்தேக்கக் கரையைத்தான் சொல்வேன். ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் தண்ணீர் இறங்கி, மண்கரை அகலமாகக் கிடக்கும். சரிவு குறைந்த இடமாகப் பார்த்து நடத்துங்கள். ஓரச் சேற்றில் மட்டும் இறங்க விடாதீர்கள். பின்னங்கால் புதைந்தால் இழுத்தெடுக்க அதற்குத் தெம்பிருக்காது.

தேயிலை மலையில் மோப்பம் பிடிக்க ஆயிரம் உண்டு, உண்மைதான். ஆனால் கல்படியில் இறங்கும்போது முன்னங்கால்தான் பாரம் தாங்கும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் அட்டை வேறு. விரலிடுக்கு, காதுமடல், வயிற்றடி எல்லாம் டோர்ச் அடித்துப் பாருங்கள். புல்லுக்கு மருந்தடித்த பக்கம் போகவே வேண்டாம்.

அடைமழையில் இரண்டும் சரிவராது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னாலுள்ள ரோட்டில் அதன் வேகத்துக்கே நடந்துவிட்டு, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலான இந்த மலைக் குளிர் கிழட்டு மூட்டுக்கு ஆகாது.