நேப்பிள்ஸ் துறைமுகத்துக்குப் பெட்டியோட போறவங்க கவனம்: 80 யூரோ போச்சு

கை இன்னும் நடுங்குது. இத்தாலியில காப்ரி தீவுக்கு வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகல.

நேப்பிள்ஸ் ரயில் நிலையத்துலேர்ந்து மோலோ பெவெரெல்லோ படகுத்துறைக்குக் கார் வேணும்னு ஆன்லைன்ல பதிவு பண்ணியிருந்தேன். ஊர் ஊரா கார் ஏற்பாடு பண்ணித்தர்ற தளம் ஒண்ணு. நாலு பெட்டியும் சேர்த்துத்தான் கட்டணம்னு போட்டிருந்தது, பணமும் முன்னாடியே கட்டியாச்சு.

வந்த டிரைவர், என்கூட வந்த அம்மாவுக்கு முட்டிவலின்னு பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டார். கையைப் பிடிச்சு உக்கார வெச்சார். நாலு பெட்டியையும் தானே டிக்கியில ஏத்தினார். "துத்தோ கொம்ப்ரேஸோ?"ன்னு கேட்டேன், எல்லாம் அடக்கமான்னு. "ஸீ சின்யோரா, த்ரான்குவில்லா!" கவலையே படாதீங்கன்னு சிரிச்சார். வழியில வெசுவியஸ் மலையைக் காட்டினார். அம்மா "தங்கமான பிள்ளை"ன்னாங்க. நானும் நம்பினேன்.

துறையில இறங்கினா டிக்கி திறக்கல. பெட்டிக்கு 20, நாலுக்கு 80 யூரோ, ரொக்கமா வேணுமாம். படகுல பெரிய பெட்டிக்குத் தனி டிக்கெட் உண்டுன்னு படிச்சிருந்தேன், அந்தப் பணம்தான் போலன்னு நினைச்சுட்டேன். படகு கிளம்ப 12 நிமிஷம். எண்ணிக் கொடுத்தேன். கவுன்டர்ல போனா பெட்டிக்கு டிக்கெட் எங்கேன்னு கேக்கறாங்க! அதுவும் பெட்டிக்குச் சில யூரோதான். திரும்பிப் பார்த்தா காரைக் காணோம்.

கார் பதிவு பண்ண தளத்தோட சாட்ல சொன்னேன். "வருந்துகிறோம்"னு ஒரு பதில். அடுத்த ஆள் ரசீதை அனுப்புங்கன்னார். பூட்டி வெச்சுப் பறிச்ச காசுக்கு யார் ரசீது தருவாங்க? மூணாவது ஆள், டிரைவர் எங்க ஊழியர் இல்ல, உள்ளூர் கம்பெனியைக் கேளுங்கன்னார். அந்த நம்பரை யாரும் எடுக்கல. 80 யூரோ! நம்ம பணத்துல 7,000 ரூபாய்க்கு மேல.

துறைமுகத்துல உதவுற இத்தாலிய வாக்கியம் எல்லாத்தையும் எழுதித்தர்றேன்னு நண்பர்கள்கிட்ட சொல்லியிருந்தேன். இப்ப மனசு இல்ல, இது மட்டும். பெட்டியைத் தொட விடறதுக்கு முன்னாடி "குவான்தோ இன் துத்தோ?", மொத்தம் எவ்வளவுன்னு கேட்டு, தொகையைப் போன்ல காட்டச் சொல்லுங்க. ஸ்டேஷன் வரிசையில நிக்கற வெள்ளை டாக்ஸின்னா கிளம்பும் முன்னாடியே "தாரிஃபா ப்ரேதெதெர்மினாதா"ன்னு சொல்லுங்க, அது நிர்ணயிச்ச கட்டணம். யாராவது பெட்டிமேல கை வெச்சா "லோ போர்தோ ஈயோ", நானே தூக்கிக்கறேன். காசு கைமாறும்போது "லா ரிச்செவூதா", ரசீது. டிக்கியைத் திறக்க மாட்டேன்னா அவசர உதவி எண் 112க்கு அடிங்க. அந்த 12 நிமிஷத்துல எனக்கு அந்த நம்பர் ஞாபகத்துக்கே வரல.