ஆறாத புண்ணுக்கு எந்தச் சாரம்: பி.சி.எல்., பி.எல்.ஜி.ஏ., கொலாஜன்

கட்டடம் எழும்போது சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுவார்கள். பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். தோல் போன புண்ணிலும் செல்கள் பற்றி ஏற ஓர் இழைச்சாரம் வேண்டும். உள்ளே போய்ப் பிரிக்க முடியாது. அது தானே கரைய வேண்டும். எந்தப் பாலிமர் இழையையும் நான் முதலில் கரையும் காலத்தை வைத்துத்தான் எடைபோடுவேன். இழுவலிமை எல்லாம் அப்புறம்.

பி.சி.எல். (பாலிகேப்ரோலாக்டோன்) என்ற செயற்கைப் பாலிமர் ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. மலிவு, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் ஊசிமுனையிலிருந்து அடம்பிடிக்காமல் இழையாக நீளும், மெத்தென்று வளையும். ஆனால் உடலில் முழுதாக மறைய 2 ஆண்டுக்கு மேல் ஆகும். சில வாரங்களில் மூட வேண்டிய புண்ணில் அவ்வளவு காலம் அதற்கு என்ன வேலை? நீரும் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர்தான். கொலாஜன் சிதைந்து கிடைக்கும் ஜெலட்டினைக் கலந்து நூற்றால் செல்கள் ஒட்டும். ஜெலட்டின் போன பிறகும் பி.சி.எல். அங்கேயே கிடக்கும்.

பி.எல்.ஜி.ஏ. என்ற இன்னொரு செயற்கைப் பாலிமரின் பெரிய பலம், கரையும் காலத்தை நாமே குறிக்கலாம் என்பது. அதன் இரு கூறுகளான லாக்டைடும் கிளைகோலைடும் 50:50 என்றால் 1–2 மாதம். 85:15 என்றால் 5–6 மாதம். இதே குடும்பத்து விக்ரில் தையல் நூலை அறுவை மருத்துவர்கள் 1970களிலிருந்தே அறிவார்கள். உடைந்து அமிலமாகும் என்ற குறை உண்மைதான். ஆனால் கட்டியான துண்டில் தேங்கும் அமிலம், மெல்லிய இழையிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். எனக்குக் கவலை தருவது வேறு: ஈரத்திலும் உடல் வெப்பத்திலும் இந்த இழைகளாலான விரிப்பு சுருங்கும். உலர்ந்த நிலையில் மட்டும் அளப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

கொலாஜன் என்ற புரதம் தோலின் சொந்தச் சரக்கு. செல்கள் உடனே அடையாளம் காணும். சென்னை அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தீக்காயத்துக்கான கொலாஜன் உறைகளை உருவாக்கியிருக்கிறது. மேலோட்டமான தீக்காயத்துக்கு அந்த உறையே போதும் என்பேன். நாட்பட்ட புண்ணில் நொதிகள் அதை விரைவாகத் தின்றுவிடும். இன்னொன்று, மின்புலத்தில் நூற்க வழக்கமாகப் பயன்படும் ஃப்ளோரின் சேர்ந்த ஆல்கஹால்கள் கொலாஜனின் முப்புரிச் சுருளையே குலைத்துவிடுகின்றன. கிடைப்பது பெரும்பாலும் ஜெலட்டின், அதுவும் கொலாஜன் விலையில்!

மூன்றுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. இழை மெலிய மெலிய இடைவெளியும் குறுகும். 10–20 மைக்ரான் அளவுள்ள செல் நுழைய வழியில்லாவிட்டால் அது வெறும் போர்வை, சாரமில்லை. நீரில் கரைந்துபோகும் பி.இ.ஓ. (பாலிஎத்திலீன் ஆக்சைடு) இழையையும் சேர்த்து நூற்று, பிறகு கழுவியெடுத்தால் வழி பிறக்கும்.

ஆழமான சர்க்கரைப் புண்ணுக்கு என் தேர்வு பி.எல்.ஜி.ஏ. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற ரெஸ்ட்ராட்டா என்ற புண் விரிப்பும் தையல் நூல் பாலிமர்களை நம்பியே செய்யப்பட்டது. நூற்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: விரிப்பை 37 டிகிரி உப்பு நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, நீள அகலத்தை மறுபடி அளந்த பிறகு புண்ணுக்கு ஏற்ற அளவில் வெட்டுங்கள்.