நிலாப் பாடத்தை எங்கே நடத்துவது? ரீல்ஸ், யூடியூப், டெலிகிராம், வாட்ஸ்அப் ஓர் ஒப்பீடு

நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற ஒரே பாடத்தை நான்கு இடங்களில் நடத்திப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் ஏறக்குறைய ஒரே நிலைமையில் இருக்கும் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பெரியவர்கள் வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். டேட்டா எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. பள்ளியில் ஆய்வக அறை இருக்கலாம், சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. இவர்களிடம் அறிவியலைக் கொண்டுபோக எந்தச் சமூக ஊடகம் நல்லது என்ற பேச்சு வந்தாலே, எத்தனை பேரைச் சென்றடையும் என்பதில்தான் கணக்கு தொடங்குகிறது. நான் வேறொன்றை முதலில் பார்க்கிறேன்: பிள்ளை திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியுமா? கேட்டால் யாராவது பதில் சொல்வார்களா?

இன்ஸ்டாகிராமின் குறு வீடியோவான ரீல்ஸில் நிலாப் பாடம் நாற்பது வினாடி. இருட்டறையில் ஒரு விளக்கு, கையில் ஒரு பந்து, பந்தைச் சுற்றிக் கொண்டுவந்தால் பிறையும் அரைநிலவும் முழுநிலவும் வந்துபோகும். நான்கு இடங்களிலும் அதிகம் பேர் பார்த்தது இதைத்தான். அறிவியலைத் தேடியே போகாத பிள்ளையின் திரையிலும் அது தானாக வந்து நின்றது. வேறு எந்த ஊடகமும் இவ்வளவு எளிதாக இதைச் செய்வதில்லை.

ஆனால் பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று நம்பும் பிள்ளைகள் ஏராளம். அந்த நம்பிக்கையோடு பந்தைப் பார்த்தவர்கள், பார்த்து முடித்த பிறகும் அதே நம்பிக்கையோடுதான் இருந்தார்கள். தன் மனதில் இருக்கும் விளக்கத்தைப் பிள்ளை முதலில் வெளியே சொல்ல வேண்டும், அப்புறம்தான் அது மாறும். நாற்பது வினாடியில் அதற்கு இடமில்லை, விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்பருவத்தினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. அதில் கணக்கு தொடக்கத்திலேயே வெளியார் பார்க்க முடியாதபடி மூடியிருக்கும், தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். அதே காரணத்தால் ரீல்ஸை வாசல் மணியாக மட்டும் வைத்துக்கொள்வதுதான் சரி.

யூடியூப் வேறு ரகம். புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னால் போகலாம், சிக்னல் மோசமென்றால் தரத்தை 144பி வரை குறைக்கலாம். இன்று போட்ட பாடத்தை மூன்று வருடம் கழித்தும் ஒரு பிள்ளை தேடி எடுக்கும். இந்த வழியில் பெரிதாக வளர்ந்த இலவச இணையப் பாடத் தளமான கான் அகாடமியின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். சல்மான் கான் 2004-இல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தபடியே கணக்கு சொல்லிக்கொடுத்தார். வீடியோக்களை யூடியூபில் ஏற்றத் தொடங்கியது 2006-இல்தான். ஒரு பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வந்த வீடியோக்கள் அவை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

யூடியூபின் குறையும் அங்கேதான். 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் கருத்துப் பகுதியே கிடையாது. குழந்தைகளின் தனியுரிமையைக் காக்க வந்த விதி, அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு எழும் சந்தேகம் அந்த அறையிலேயே தங்கிவிடுகிறது. என் பன்னிரண்டு நிமிட நிலா வீடியோவைப் பார்த்தவர்களில் யாருக்கு என்ன புரியவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டெலிகிராமை மேல்வகுப்பு மாணவர்களுக்கு மட்டும் சொல்வேன். ஒரு குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம், 2 ஜிபி கோப்பையும் அனுப்பலாம், போன் எண்ணை மறைக்கலாம், 2020-இல் வந்த வினாடி வினா வசதி பயிற்சித் தேர்வுக்கு அருமையாக உதவும். ஆனால் வீட்டுப் பெரியவர்களின் போனில் அது இருப்பது அரிது. பொதுக் குழுக்களில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பது எனக்குக் கவலையான விஷயம். சின்னப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக மாட்டேன்.

சரி, வாட்ஸ்அப். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். நான் முப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே நான் பாடமே நடத்தவில்லை. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் ஒரு வேலை கொடுத்தேன்: தினமும் மாலை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று நிலா எங்கே இருக்கிறது என்று பாருங்கள், கையை நீட்டி முஷ்டியால் அளந்து சொல்லுங்கள். நீட்டிய கையின் முஷ்டி வானத்தில் சுமார் 10 பாகையை மறைக்கும். நான்காம் நாள் ஒரு பெண் குரல் பதிவு அனுப்பினாள்: “நேத்து இருந்த இடத்துல இல்ல, ஒரு முஷ்டிக்கு மேல கிழக்க தள்ளிப் போயிருக்கு, நான் தப்பா அளந்துட்டேனா?” அவள் அளந்தது சரி. நிலா ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை நகர்கிறது, அதனால்தான் தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னும் ஆறு பேர் தங்கள் அளவையும் சொல்லிவிட்டார்கள். பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் ஆனதும், காலை வெயிலில் மேற்கே அரைநிலவைப் பார்த்த ஒருவன், “சூரியன் கிழக்குல நிக்குது, பூமி நடுவுலயே இல்லயே, அப்புறம் நிழல் எப்படி விழும்?” என்று கேட்டான். ரீல்ஸில் பந்தைச் சுழற்றியும் உடைக்க முடியாத நம்பிக்கையை அந்தக் கேள்வி உடைத்தது.

இது நடந்ததற்குக் காரணம் குரல் பதிவு என்று நினைக்கிறேன். தட்டச்சு செய்யத் தயங்கும் பிள்ளையும் பேசிவிடும். எழுத்துப் பிழைக்கு யாரும் சிரிக்க முடியாது. ஒரு நிமிடப் பேச்சுக்குச் செலவாகும் டேட்டா, ஒரு நிமிட வீடியோவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். போன் இரவு ஒன்பது மணிக்குத்தான் கையில் வரும் என்றாலும், பகலில் நடந்த பேச்சு அங்கேயே காத்திருக்கும். நேரலை வகுப்புகளில் பிள்ளைகள் விட்டுப்போவதே அந்த இடத்தில்தான்.

ஆனால் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். முதல் குழுவில் இதை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை. ஒரு மாணவியின் எண்ணுக்குத் தேவையில்லாத செய்திகள் வந்தன, அவள் வீட்டில் போனையே தருவதை நிறுத்திவிட்டார்கள். நிலாவை முதலில் அளந்து சொன்ன அதே பெண். அந்த இழப்பு என் மனதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு பெற்றோரிடம் பேசி ஒப்புதல் வாங்காமல் யாரையும் சேர்ப்பதில்லை, அட்மினாகக் குறைந்தது இரண்டு பெரியவர்கள், யாரிடமும் தனிச்செய்தி கிடையாது, விரும்பினால் மாணவிகளுக்குத் தனிக் குழு. 13 வயதுக்குக் கீழே என்றால் கணக்கு பெற்றோருடையது, பெற்றோரும் கூட இருக்க வேண்டும். எண்ணை மறைக்க 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனலுக்கு மாறலாமே என்பார்கள். எண் மறையும், ஆனால் அது அறிவிப்புப் பலகை மாதிரி. அந்த முஷ்டிக் கேள்வி அங்கே பிறந்திருக்காது.

ஆக என் தேர்வு சின்ன வாட்ஸ்அப் குழுதான். அதில் எழும் கேள்விகளுக்கு மட்டும் யூடியூபில் பதில் வீடியோ போட்டு, இணைப்பைக் குழுவில் தருகிறேன். ரீல்ஸ், புதிதாக ஆள் சேர்க்க. முப்பதுக்கு மேல் பிள்ளைகள் வந்தால் இன்னொரு குழு, அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர். மெதுவான வழிதான்.

ஆறு மாதம் குழுவில் இருந்த பிள்ளைகளுக்கு அடுத்த படியும் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஸ்கிராட்ச் தளத்தில், ஒருவர் செய்த நிரலை இன்னொருவர் எடுத்து மாற்றி வெளியிடலாம். உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒரு பூச்சியின் படம் போட்டால் அதை அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். 13 வயதாகாதவர்களுக்குப் பதிவு செய்யத் தேவையில்லாத, படத்தை வைத்து உயிரினத்தை அடையாளம் காட்டும் சீக் செயலி போதும். கேலக்ஸி ஜூ என்ற இணையத் திட்டம் 2007-இல் விண்மீன் திரள்களை வகைப்படுத்தப் பொதுமக்களை அழைத்தபோது, ஹன்னி வான் ஆர்கல் என்ற டச்சு ஆசிரியை படத்தில் ஒரு விசித்திரமான பொருளைக் கண்டு “இது என்ன?” என்று கேட்டார். அந்தப் பொருள் இன்று அவர் பெயரில் ஹன்னிஸ் வோர்வெர்ப் என்று வழங்குகிறது. இந்தக் கதையைச் சொன்ன நாளில் குழு நள்ளிரவு வரை அடங்கவில்லை. ஆனால் இந்தத் தளங்களுக்கு நிலையான இணையம் வேண்டும், ஆங்கிலமும் கொஞ்சம் வேண்டும். முதல் நாளே பிள்ளையை அங்கே தள்ளிவிட்டால் திரும்பி வராது.

போனே இல்லாத பிள்ளைகளை இந்த நான்கில் எதுவும் எட்டவில்லை. அவர்களுக்காக வாரத்தின் கேள்வியைத் தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுகிறோம். அவர்கள் கீழே எழுதும் பதில்களை ஒரு தோழி படம் எடுத்துக் குழுவில் போடுகிறாள். இந்த வாரக் கேள்வி: பௌர்ணமி நிலா எந்த நேரத்தில் உதிக்கும், ஏன்?