மார்கன்ஸ்டெர்னைத் தேடி ஏமாந்த கதை

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நூறு ரூபாய்க்கு எடுத்த பழைய புத்தகம், 'தி பிரின்சஸ் பிரைட்'. 1973-இல் வில்லியம் கோல்ட்மேன் எழுதிய ஆங்கில நாவல். 'புட்ச் கேசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்' படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியவர். 1974-இல் 'மாரத்தான் மேன்' த்ரில்லரை எழுதியவரும் அவர்தான். அந்தக் கை, இளவரசி, கடற்கொள்ளைக்காரன் என்று இப்படி விளையாடும் என்று நான் நினைக்கவில்லை.

"இது என் கதையல்ல, மார்கன்ஸ்டெர்ன் என்பவருடையது, போரடிக்கும் இடங்களை வெட்டிவிட்டேன்" என்று ஆரம்பிக்கிறார். நானும் நம்பி, கடலூரிலிருந்து பஸ் ஏறி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அந்த மூலநூலைத் தேடினேன். அப்படி ஓர் ஆளே கிடையாதாம்! பெட்டி கட்டுவதைப் பற்றியே பக்கம் பக்கமாக இருந்ததைத் தூக்கிவிட்டதாக அவர் அலுத்துக்கொள்வதும் கப்சாதான்.

பண்ணையாள் வெஸ்ட்லி, எஜமானி பட்டர்கப் எதைச் சொன்னாலும் "உங்கள் விருப்பப்படியே" என்று மட்டும் சொல்வான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உறைக்கவே நாளாகிறது. பட்டர்கப் கொஞ்சம் மக்குதான். அது ஒரு குறை.

ஆனால் மலை உச்சி வாள்சண்டை இருக்கிறதே! வாள்வீரன் இனிகோ கொல்லவேண்டிய ஆள் மேலே ஏறி வரத் தாமதமாகிறது. பொறுமையில்லாமல் இனிகோ கயிறு போட்டு அவனைத் தூக்கிவிடுகிறான், மூச்சு வாங்க நேரமும் கொடுக்கிறான். அப்புறம் இருவரும் இடது கையால் சண்டை போட்டுவிட்டு, "எனக்கு வலது கைதான் வாகு" என்று ஒருவர் பின் ஒருவராக மாற்றுகிறார்கள். சில்வர் பீச்சில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததில் பக்கத்துச் சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார்.

முன்னுரை ரொம்ப நீளம். கடைசிப் பக்கம் முடிந்ததும், தாள் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அப்படி ஒரு முடிவு.

நாவலில், நிமோனியாவில் படுத்திருக்கும் பத்து வயதுப் பையனுக்கு அப்பா நல்ல இடங்களை மட்டும் படித்துக் காட்டுவார். எங்கள் ஆயாவும் நல்லதங்காள் கதையில் கிணறு வந்தால், "அதுக்குள்ள அண்ணன் வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டான்" என்று முடித்துவிடும்.

போன வாரம் அம்மை போட்டுப் படுத்திருந்த அண்ணன் மகளுக்கு இதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சித்திரவதை அறை வந்தது.

"அத்தை, ஏன் நாலு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினீங்க?"