பெங்களூரில் ரேஷன் அரிசி: ஊர் அட்டையை வைத்துக்கொள்வதா, கர்நாடக அட்டைக்கு மாறுவதா?

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பெங்களூரு வரும் குடும்பங்களுக்கு, முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே அரிசிக் கவலை வந்துவிடுகிறது. ஈஜிபுராவில் குடியேறியபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். ஊர் ரேஷன் அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு இங்குள்ள கடையில் அரிசி வாங்கலாம். ஊர் அட்டையில் பெயரை நீக்கிவிட்டுக் கர்நாடகத்தின் பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், இரண்டும் வேண்டாமென்று அரசின் மலிவு உணவகமான இந்திரா கேன்டீனை நம்பியிருக்கலாம். நாங்கள் முதல் வழியில் போனோம். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்லி வருகிறேன்.

கேன்டீனைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட்டில் தொடங்கிய இந்திரா கேன்டீனில் காலை உணவு 5 ரூபாய்க்கும் மதிய, இரவுச் சாப்பாடு 10 ரூபாய்க்கும் கிடைத்து வருகின்றன. எந்தக் காகிதமும் கேட்க மாட்டார்கள். தனியாக வந்து ஷெட்டில் தங்கி வேலை செய்யும் ஆண்களுக்கு அது பெரிய துணை. ஆனால் நேரம் தவறிப் போனால் சாப்பாடு தீர்ந்திருக்கும். பிள்ளைகளோடு குடும்பமாக இருப்பவர்கள் மூன்று வேளையும் வரிசையில் நிற்க முடியாது.

ஊர் அட்டையில் இங்கே வாங்குவது ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தின்கீழ் வருகிறது. கர்நாடகம் 2020 ஜனவரியிலும் தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரிலும் இதில் இணைந்தன. அட்டையைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டிய அவசியமில்லை. அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, அட்டையில் பெயருள்ள ஒருவர் கடையிலுள்ள கைரேகைக் கருவியில் விரல் வைத்தால் போதும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, 2023 ஜனவரி முதல் இலவசமாக. முழு ஒதுக்கீட்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஊரில் இருக்கும் என் மாமியார் தம் பங்கை அங்கே வாங்கிக்கொள்கிறார். எங்கள் பங்கை நாங்கள் இங்கே வாங்குகிறோம். துவரம் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு அரசு தன் செலவில் கொடுப்பவை என்பதால் அவை எல்லை தாண்டி வருவதில்லை.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் இலவச அரிசி கிடைப்பதால், தம் அட்டை முன்னுரிமை அட்டையா இல்லையா என்று பார்க்கும் தேவையே அங்கே வருவதில்லை. ஸ்மார்ட் அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (மிக ஏழைகளுக்கான அந்தியோதயா) என்று இருந்தால் மட்டுமே பெங்களூரில் அரிசி உண்டு. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருந்தால் அந்த அரிசியைத் தமிழ்நாடு தன் பணத்தில் தருகிறது என்று பொருள். வேறு மாநிலக் கருவி அதை ஏற்காது. அப்படிப்பட்ட அட்டைக்காரர்கள் ஓசூர் வரை போய் அங்குள்ள கடையில் வாங்கி வரலாம், ஆனால் பேருந்துக் கட்டணத்தையும் போகும் அரை நாள் கூலியையும் கணக்கிட்டால் அது கட்டுப்படியாகுமா என்பது சந்தேகமே.

கர்நாடக அட்டையின் பலன் கூடுதல் என்பதை மறுக்கவில்லை. அன்னபாக்யா திட்டத்தில் மத்திய அரசின் 5 கிலோவுக்கு மேல் இன்னொரு 5 கிலோவுக்கான பங்கை மாநில அரசு ஏற்றது. 2023 ஜூலையில் அதைக் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் பணமாகக் கொடுக்கத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் அரிசியாக மாற்றியது. கிருஹலட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2000 ரூபாய் வருவதும் இந்த மாநில அட்டையை வைத்துத்தான். இங்கேயே நிலைத்துவிட்ட குடும்பத்துக்கு இவை சிறிய தொகைகள் அல்ல.

ஆனாலும் நாங்கள் மாறவில்லை. அதற்குக் காரணம் இடையில் விழும் காலம். ஒருவருடைய ஆதார் ஒரே நேரத்தில் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. எனவே முதலில் ஊர் அட்டையில் பெயரை நீக்கி, அதற்கான சான்றை வாங்கிய பிறகுதான் இங்கே புதிய அட்டை கேட்க முடியும். இங்கோ பி.பி.எல். அட்டைக்கான புதிய விண்ணப்பங்களை எப்போதும் பெறுவதில்லை. திடீரென்று சில நாட்கள் திறப்பார்கள், கூட்டம் முண்டும், சர்வர் நின்றுபோகும், மறுபடி மூடிவிடுவார்கள். அந்தச் சில நாட்களில் விண்ணப்பித்துவிட்டாலும், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் என்ற சான்று, முகவரிச் சான்று, நேரில் வந்து விசாரணை என்று வரிசையாக இருக்கின்றன. வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர் முகவரிச் சான்றுக்கு எங்கே போவார்? இத்தனையும் முடியும் வரை அந்தக் குடும்பத்தின் பெயர் எந்த மாநிலத்தின் பட்டியலிலும் இருக்காது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பெயரை நீக்கிவிட்டு வந்து, புதிய அட்டை வரும்வரை கடையில் முழு விலைக்கு அரிசி வாங்கிக் கடன்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கைக்காசு இல்லாத குடும்பத்துக்கு பின்னால் கூடுதலாக வரப்போகிறது என்ற நம்பிக்கையைவிட, இந்த மாதமே கைக்கு வரும் 5 கிலோ மேலானது. மேலும், அட்டையையே ஒப்படைத்துவிட்டால் ஊரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கும் முதலமைச்சர் காப்பீட்டுக்கும் ஆதாரமாக இருப்பது போய்விடும்.

முதல் வழியிலும் சிரமம் உண்டு. வெளிமாநில அட்டை என்றதும் ‘ஸ்டாக் இல்லை’ என்று ஒரு கடைக்காரர் எங்களைத் திருப்பி அனுப்பினார். அடுத்த தெருக் கடையில் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். விநியோகம் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் போவது நல்லது. மறுத்தால் 14445 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். விரல் ரேகை இன்னொரு தொல்லை. சிமெண்ட் கலவையிலேயே புழங்கும் என் கணவரின் கையைக் கருவி ஏற்பதே இல்லை. ஈரத்துணியால் துடைத்து, விரல் மாற்றி விரல் வைத்தும் சிவப்பு விளக்குதான் எரியும். பிறகு நான் விரல் வைத்ததும் ரசீது வந்துவிடும். ஆகவே வீட்டில் ரேகை தெளிவாக உள்ள ஒருவராவது பெங்களூரில் இருக்க வேண்டும்.

அரிசி வருவதற்கு முன் அடுப்பு எரியாத நாட்களுக்கு அல்சூர் ஏரிக்கரையில் உள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவின் லங்கர் (இலவச உணவுக்கூடம்) இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால் யார் எவர் என்று கேட்காமல் உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அங்கன்வாடியில் பதிந்துகொள்ள ரேஷன் அட்டை தேவையில்லை. அரசுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மதிய உணவுக்கும் அட்டை கேட்பதில்லை.

பிள்ளைகள் இங்கேயே படித்து, வாக்காளர் அட்டையும் மாறி, இனி ஊருக்குத் திரும்புவதில்லை என்று உறுதியானவர்கள் கர்நாடக அட்டைக்கு மாறுவதே சரி. அவர்களும் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று சேவா மையத்தில் நேரில் உறுதிசெய்த பிறகே ஊரில் பெயரை நீக்க வேண்டும். எந்த அட்டையாக இருந்தாலும் குடும்பத்தில் ஐந்து வயது நிறைந்த ஒவ்வொருவரும் இ-கே.ஒய்.சி. (ஆதார் ரேகையால் அடையாளத்தை உறுதிசெய்வது) முடித்திருக்க வேண்டும், அதற்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை, இங்குள்ள ரேஷன் கடையிலேயே செய்துகொள்ளலாம். ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகையைப் புதிதாகப் பதிந்த பிறகு கடைக்கு அழைத்துப் போங்கள். அது இல்லாமல் போனால் கருவி ஏற்காது.