வல்லத்துச் செம்மண்ணில் கோல்ஃப் ஸ்விங் திருத்தம்

தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில், தோப்பை ஒட்டிய மேட்டு நிலத்தில் வலை கட்டி நடத்தப்படும் ஒரு சிறிய கோல்ஃப் பயிற்சிக்கூடத்தைப் பற்றிய மதிப்பீடு இது. அங்குள்ள பயிற்சியாளர், ஸ்விங்கில், அதாவது மட்டையை வீசும் முறையில், தவறைக் கண்டவுடன் எதையும் மாற்றிவிடுவதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே மாற்றுகிறார். இந்தப் பொறுமைக்காகவே அவரிடம் போகலாம்.

நான் சென்றது ஸ்லைஸுக்காக. வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து வலப்புறமாக வளைந்து விழுவதுதான் ஸ்லைஸ். புதிதாக ஆடுவோரில் பலரை வாட்டுவது இதுவே. கிளப் எனப்படும் கோல்ஃப் மட்டை வீசப்படும் பாதையைவிட, பந்தில் படும் அதன் முகம் வலப்புறம் திறந்திருந்தால் பந்து அப்படிச் சுழலும். முன்பு வேறோர் ஊரில் நான் பெற்ற பயிற்சியில் தலை, தோள், இடுப்பு என்று ஒரே மூச்சில் பல திருத்தங்கள் சொல்லப்பட்டன. ஸ்லைஸ் மட்டும் போகவில்லை.

இங்கே முதல் வேலையாக, பந்தை நெடுந்தூரம் அடிக்க உதவும் டிரைவர் என்ற கிளப்பின் முகத்தில் சாதாரண டால்கம் பவுடரை மெல்லத் தடவிவிட்டு அடிக்கச் சொன்னார். பந்து பட்ட தடம், நடுவில் இல்லாமல் ஷாஃப்டை, அதாவது கிளப்பின் தண்டை, ஒட்டிய பக்கமாக ஒதுங்கித் தெரிந்தது. டிரைவரில் அந்த இடத்தில் பட்டால், முகம் சரியாக இருந்தாலும் பந்து வலப்புறம் வளையக்கூடும் என்பதால், இதைப் பார்க்காமல் கிரிப்பில், அதாவது கிளப்பைப் பிடிக்கும் முறையில், கைவைக்கக் கூடாது என்றார். அடுத்தது, வலையின் நடுவே தொங்கும் சிவப்புத் துணி. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப்பின் முகமே ஆகையால், துணிக்கு எந்தப் பக்கம் பந்து படுகிறது என்பதிலிருந்தே அடிக்கும் கணத்தில் முகம் எங்கே பார்த்தது என்று சொல்லிவிடலாம். பாதையைக் காட்டித் தருவது செம்மண். பெருக்கிச் சமப்படுத்திய தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பந்தில்லாமல் ஏழாம் எண் அயர்ன் என்ற இரும்புத் தலைக் கிளப்பை வீசச் சொல்கிறார். மண்ணில் விழும் கீறல் இடப்புறம் சாய்ந்தால், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள். வெண்ணாற்றுப் பக்கத்து வயல்களின் களிமண்ணில் இவ்வளவு தெளிவான கீறல் கிடைக்காது. பந்தும் கிளப்பும் செல்லும் விதத்தை அளக்கும் விலையுயர்ந்த ரேடார் கருவி இல்லாத குறையை இந்த மூன்றும் பெருமளவு ஈடுசெய்கின்றன.

“தோளை விடுங்க சார், முதல்ல கையைப் பார்ப்போம்” என்று, குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு விரல் முட்டிகள் தெரியும்படி கிரிப்பைச் சற்று வலப்புறம் திருப்பினார். அது பழகிய பிறகுதான் பாதைக்கு வந்தார். பந்துக்குச் சற்றுப் பின்னால், வெளிப்புறமாக ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்துவிடுகிறார். பழைய பாதையில் வீசினால் கிளப் பெட்டியில் இடிக்கும். அவரிடம் வருவோரில் பலர் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். நேர் மட்டையால் ஆடிப் பழகிய கை கிளப்பின் முகத்தைத் திருப்பத் தயங்குவதை அவர் குறையாகப் பேசாமல், அதற்கேற்ற பயிற்சியாக அரை ஸ்விங்கிலிருந்து தொடங்குகிறார். இவ்வளவு கனிவாகக் கற்பிப்பவரைக் காண்பது அரிது. என் பந்து இப்போதும் சிறிது வலப்புறம் வளைகிறது என்றாலும், எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்து அடிக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. பந்து முழுதாகப் பறப்பதை வலைக்குள் காண முடியாது. ஆகவே சென்னைக்கோ கொடைக்கானலுக்கோ போய் மைதானத்தில் ஆடிப் பார்க்கும் வரை திருத்தம் நிலைத்ததா என்பது உறுதியாகாது. பட்டிங்குக்கு ஒரு துண்டுப் பச்சை விரிப்பைத் தவிர வேறு வசதி இல்லை. 108 மில்லிமீட்டர் குழிக்குள் பந்தைத் தள்ளும் கலைக்கு இது போதவே போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்புகள் அடிக்கடி தள்ளிப்போகின்றன.

கட்டணம் வகுப்புக்கு வகுப்பு வாங்கப்படுகிறது. மாதக் கணக்கில் சேரும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வருவோருக்கு இது வசதி. வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளும்படி காலை நேரத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. இடக்கை ஆட்டக்காரர்களுக்கு அங்கே கிளப் கிடைப்பதில்லை என்பதால், அவர்கள் தங்களுடையதைக் கொண்டுசெல்ல வேண்டும்.