2 அங்குல பெற்றோல் வோட்டர் பம்: திருகோணமலை மாரிக்குத் தாக்குப் பிடிக்குமா?

வெள்ளம் வரும் நாளில் கரண்டும் போய்விடும். அதனால் மின்மோட்டாரை நம்பியிராமல், நாலைந்து வீடுகள் சேர்ந்து 2 அங்குல ஹோஸ் பூட்டும் பெற்றோல் பம் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. பெட்டியில் நிமிடத்துக்கு 500, 600 லீற்றர் என்று போட்டிருப்பார்கள். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல், நீண்ட ஹோஸும் இல்லாமல் எடுத்த அளவு அது. வீட்டில் அவ்வளவு கிடைக்காது.

தண்ணீர் ஏறாவிட்டால் முதலில் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே சுருள் வைத்த தடித்த ஹோஸ்தான் வேண்டும். சப்பையாக மடியும் ஹோஸ் வெளியே விடுவதற்கு மட்டும். உறிஞ்சப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கிளிப் சற்றுத் தளர்ந்தாலும் காற்றுத்தான் இழுபடும். இயக்குமுன் பம்மின் உடலில் தண்ணீர் நிரப்ப வேண்டும், இல்லையேல் உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கருகிவிடும். உறிஞ்சும் ஹோஸின் நுனியில் உள்ள வடிகட்டி சேற்றில் புதையாதபடி கடகத்துக்குள் வைத்து இறக்குங்கள். புதுப் பம்மில் பெரும்பாலும் எஞ்சின் ஒயில் இருக்காது. ஊற்றாமல் இயக்கினால் எஞ்சின் இறுகிவிடும்.

கிணறு இறைக்கும்போதுதான் மிகக் கவனம் வேண்டும். 5 அடி அகலக் கிணற்றில் 10 அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 5,500 லீற்றர். இந்தப் பம் அதைக் கால் மணித்தியாலத்தில் வற்றவைத்துவிடும். நிலாவெளி, உப்புவெளி போன்ற மணல் நிலத்தில், வெள்ளம் வடிந்த கையோடு அப்படிச் செய்தால் சுற்றியுள்ள ஈரமண் தள்ளிக் கிணற்று வளையங்கள் விலகும், மணலும் உள்ளே ஊறும். கரையோரத்தில் உப்பும் மேலே வரும். 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது நடந்தது அதுதான். நிலத்தடி நீர் இறங்கும்வரை பொறுத்து, கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள். பிறகு கிணற்றுக்குப் போடும் குளோரின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் போடுங்கள்.

எஞ்சின் புகை உயிரைக் குடிக்கும். பம்மைக் கிணற்றுக்குள் இறக்கவோ வீட்டுக்குள் இயக்கவோ கூடவே கூடாது. பம்மிலிருந்து தண்ணீர் மட்டம் வரையான ஆழம் 25 அடியைத் தாண்டினால் இது இழுக்காது, வேறு பம் பாருங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாழ்ந்த ஒழுங்கைகளில் வெளியிலும் அதே மட்டத்தில் தண்ணீர் நின்றால், இறைத்தது திரும்ப வளவுக்குள்ளேயே வரும். விடுவதற்கு ஒரு வாய்க்கால் இல்லாத இடத்தில் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

வாங்கும்போது சீலும், எஞ்சினை இழுத்து இயக்கும் ரீகோயில் கயிறும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். உவர்நீர் இறைத்தால் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். மாரி முடிய டாங்கியையும் காபரேற்றரையும் வடித்து வையுங்கள். பழைய பெற்றோல் பிசினாகி அடைத்துவிடும்.